ஸ்கான் கிளியர் எண்டால் தப்பிட்டமா?



அல்ட்ராசவுண்ட் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது அக்காவின்ர பேபி ஸ்கான்தான். இந்தக் கிழமை எபிசோட்டில் நான் கதைச்சது வேற ஸ்கான்: 401இல் கார் அடிபட்ட ஒருவருக்கு, ஹொஸ்பிட்டல் போக முதலே செய்யக்கூடியது.

அடிபட்டவர் வெளியே காயமில்லாமல் கதைச்சுக்கொண்டிருக்கலாம். உள்ளே மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கலாம். தேங்கிய ரத்தம் ஸ்கானில் கறுப்பாகத் தெரியும். அதற்காக நாலு இடம் பார்ப்பார்கள்: கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி. இதன் பெயர் ஃபாஸ்ட். காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கியிருக்கா என்று நெஞ்சையும் பார்த்தால், ஈஃபாஸ்ட். 2004இல் அதைக் கையடக்கக் கருவியால் செய்து ஆய்வு வெளியிட்டது அன்ட்ரூ கேர்க்பற்றிக் தலைமையிலான கனடிய டொக்டர்கள்.

முந்தி இந்த மெஷினை வண்டியில் வைத்துத் தள்ளவேணும். 1990களில் அமெரிக்க இராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா போர்க்களத்துக்காகப் பணம் போட, கையில் தூக்கும் சோனோசைட் வந்தது. 2017இல் அமெரிக்க அனுமதி பெற்ற பட்டர்ஃப்ளை ஐக்யூ, படிகங்களுக்குப் பதிலாக சிலிக்கன் சிப்பை வைத்து ஃபோனிலேயே படம் காட்டுது.

ஆனால் ஸ்கான் ரத்தத்தை நிறுத்தாது. அதை நிறுத்துவது ஆபரேஷன் தியேட்டர். ரொறன்ரோவுக்குள் சனிபுறூக், சென்ட் மைக்கேல்ஸ் ட்ரோமா சென்டர்கள் கிட்ட இருக்கு. ரோட்டில் நின்று ஸ்கான் எடுத்தால் நேரம்தான் நட்டம். வட ஒன்ராறியோவில் இருந்து ஹெலிகொப்டரில் நீண்ட நேரம் பறக்கும்போது கதை வேற. வழியிலேயே பார்த்துச் சொன்னால், இறங்கும்போது ரத்தமும் சத்திரசிகிச்சை டொக்டரும் ரெடியாக இருக்கலாம்.

இன்னொரு விஷயம். கறுப்புத் தெரிந்தால் அது பெரிய செய்தி. தெரியாவிட்டால் நிம்மதி இல்லை. தொடக்கத்தில் ரத்தம் கொஞ்சமாக இருக்கும். வயிற்றின் பின்பக்கம் கசிவது இதில் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் ஹொஸ்பிட்டலில் திரும்பவும் பார்ப்பார்கள், தேவையெண்டால் சீ.டி. ஸ்கான் எடுப்பார்கள்.

இது ஏன் உங்களுக்கு? அம்மம்மா "எனக்கொண்டுமில்லை, வீட்ட போவம்" எண்டுவா. பாராமெடிக் சொல்வதை அவவுக்குத் தமிழில் சொல்லுறது நீங்கள்தான். "ஸ்கான் கிளியர்" என்பதை "ஒண்டுமில்லையாம்" எண்டு மாத்தாதீங்கோ. "இன்னும் ஒண்டும் தெரியேல்லை, போய்ப் பார்ப்பம்" எண்டு சொல்லுங்கோ.