ஆவாரை விதைக்கு ஓர் உரசல் வேண்டும்

மாத்தளையில் பூக்கன்று விற்பவரிடம் அந்தூரியம் கேட்டால் நிறத்துக்கு ஒன்றாக எடுத்து வைப்பார். ஆவாரை கேட்டுப் பாருங்கள், நாட்டு மருந்துக்கடைக்கு வழி காட்டுவார். காய்ந்த பூவாக, தேநீருக்குப் பதிலாகக் குடிக்கும் ‘ரணவரா’வாகத்தான் அது நம் வீட்டுக்குள் வருகிறது. ஒருமுறை வேர் பிடித்தால் ஆண்டாண்டாகப் பூக்கிற செடியை முற்றத்தில் வைக்க நமக்குத் தோன்றவில்லை.

வரண்ட வலயத்துச் செடி அது. மே முதல் செப்டெம்பர் வரை வெயில் வாட்டும் தம்புள்ளைப் பக்கத்து வளவுகளுக்கு நன்றாகப் பொருந்தும். காய் பழுத்துக் காய்ந்ததும் விதை எடுக்கலாம். ஆனால் விதைத்தோல் கடினம்; அப்படியே புதைத்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மாதக்கணக்கில் கிடக்கும். கரடான கல்லில் இலேசாக உரசி, ஓரிரவு நீரில் ஊறவிடுங்கள். ஊறிப் பருத்தவற்றை மட்டும் விதையுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால் கன்று சிறிதாக இருக்கும்போதே நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். இலையைப் புழு தின்றால் மருந்தடிக்க ஓடாதீர்கள். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போவதாக நாம் சொல்லும் வண்ணத்துப்பூச்சிகளில் சில இனங்கள் இந்த இலையில் வளர்பவைதான்.

கார்த்திகைப் பூவுக்கு வேறு சுபாவம். அதன் சிவந்த விதை முளைக்கவே வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும். முதலாண்டில் ஓரிரு இலைதான். பூவைக் காண மூன்று நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும். பருவம் முடிந்ததும் கொடி பட்டுப்போகும். செத்துவிட்டதென்று சாடியைக் கொட்டிவிடாதீர்கள், மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். அந்தக் கிழங்குதான் ஆபத்தும்கூட. அதிலுள்ள கொல்கிசின் கொடிய நஞ்சு. வற்றாளைக் கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டு இலங்கையில் உயிரிழந்தவர்கள் உண்டு. சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு இந்தப் பூ வேண்டவே வேண்டாம்.

நக்கிள்ஸ் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஊதா நிறப் பினர பூவைக் கண்டால் கை துறுதுறுக்கும். அந்த மலைத்தொடர் 2000இல் பேணற்காடாகப் பிரகடனமானது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே செடி பிடுங்குவது குற்றம். பிடுங்கி வந்தாலும், மேகம் படியும் சரிவில் வளர்ந்தது தாழ்நிலத்து வெயிலில் தங்காது.

ஆவாரைக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ட செடியிலிருந்து ஒரு கைப்பிடி காய் மட்டும் எடுங்கள், மீதியை அங்கேயே விடுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன்னர் உரசி ஊறப்போட்டுவிடுங்கள்.