யூரியாவை உடைக்கும் இரண்டு நிக்கல்



45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருக்கு. கணக்குப் போட்டால் மூட்டைக்கு 20 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். காசு கொடுத்து வாங்கி வயலில் வீசிய பிறகு அத்தனையும் பயிருக்குத்தான் போகிறதா? போடுகிற முறை சரியில்லை என்றால் அதில் நல்ல ஒரு பங்கு காற்றோடு காற்றாகப் போய்விடும். ஏன் போகிறது, எப்படித் தடுப்பது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

பயிர் யூரியாவைப் பெரும்பாலும் யூரியாவாகவே எடுத்துக்கொள்வதில்லை. அது உடைந்து அம்மோனியாவாக மாற வேண்டும். வெறும் தண்ணீரில் கரைத்து வைத்தால் யூரியா தானாக உடைய வருஷக்கணக்கில் ஆகும். மண்ணிலோ சில நாட்களிலேயே உடைந்துவிடுகிறது. காரணம், மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் செடிகளும் உண்டாக்குகிற 'யூரியேஸ்' என்னும் என்ஸைம். பாலைத் தயிராக்க உறை மோர் எப்படியோ, அப்படி வேலையை விரைவாக நடத்தி வைக்கும் பொருளுக்குத்தான் என்ஸைம் அல்லது நொதி என்று பெயர்.

இந்த யூரியேஸை 1926-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர், நம்ம வாளவரை இனத்துப் பயறு ஒன்றிலிருந்து பளிங்குத் துகளாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது ஒரு புரதம் என்று முதன்முதலில் காட்டியது அந்த வேலைதான். அதற்காக 1946-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தப் புரதத்துக்குள் நிக்கல் என்ற உலோகம் ஒளிந்திருக்கிறது என்பது 1975-இல்தான் தெரிய வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள்.

இந்த நிக்கல் என்ன செய்கிறது? யூரியேஸின் வேலை நடக்கிற இடத்தில் இரண்டு நிக்கல் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யூரியா உள்ளே வந்ததும் இரண்டும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் தண்ணீர்த் துணுக்கு யூரியாவைத் தாக்கி உடைக்கிறது. நிக்கலை எடுத்துவிட்டால், அரிவாள் இல்லாமல் அறுவடைக்குப் போன கதைதான். நொதி இருந்தும் வேலை ஓடாது. உடனே நிக்கல் வாங்கப் போக வேண்டாம்! பயிருக்கு வேண்டியது அணுவளவு. சாதாரணமாக மண்ணிலேயே அது இருக்கு.

இனி மணிச்சத்துக்கு வருவோம். மணிச்சத்து மண் நீரில் கரையும்போது பாஸ்பேட் அயனியாகிறது. அந்த பாஸ்பேட்டும் இந்த இரண்டு நிக்கலுக்கு நடுவே போய் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். உட்கார இடமில்லாத யூரியா வெளியே நிற்கும். உடையும் வேகம் குறையும்.

"அப்படியானால் மணிச்சத்து உரத்தைக் கூடப் போட்டால் யூரியா வீணாகாதே?" என்று கேட்கலாம். நடக்காது. பாஸ்பேட்டின் பிடி பலமில்லாதது. யூரியா கூட்டமாக வந்தால் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். மேலும், போட்ட மணிச்சத்தில் பெரும்பங்கைச் சுண்ணாம்பும் இரும்பும் மண்ணிலேயே கட்டிப்போட்டுவிடும். ஆகவே மணிச்சத்தை மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு மேல் போடாதீர்கள். சூப்பர் பாஸ்பேட்டையும் யூரியாவையும் கலந்து வைத்திருந்தால் கசிந்து பிசுபிசுத்துப் போகும். கலந்தால் அப்போதே போட்டுவிட வேண்டும்.

பாஸ்பேட்டுக்கு உறவான சில ரசாயனங்கள் நிக்கலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவற்றை யூரியாவோடு சேர்த்து விற்கும் நாடுகள் உண்டு. ஜெர்மனியில் 2020 முதல் யூரியாவை அப்படிப்பட்ட தடுப்புப் பொருளோடு போட வேண்டும். இல்லையென்றால் 4 மணி நேரத்துக்குள் மண்ணில் கலக்க வேண்டும் என்று சட்டமே இருக்கு. பாருங்கள், விலை கொடுத்து வாங்கும் ரசாயனத்துக்கு இணையாக மண்ணில் கலப்பதையே வைத்திருக்கிறார்கள்! அந்த வேலை நம் கையிலேயே இருக்கு.

நம்ம ஊரில் 2015 முதல் வருகிற வேப்பெண்ணெய் பூசிய யூரியா இதற்குத் தீர்வாகாதா? வேம்பு முக்கியமாகத் தடுப்பது அடுத்த கட்டத்தை, அதாவது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை. அம்மோனியா காற்றில் பறப்பதைத் தடுக்க அதை மட்டும் நம்பக் கூடாது.

மேலாக வீசிய யூரியா உடையும்போது குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி அம்மோனியா பறக்கிறது. வெயிலும் களர் நிலமும் அதைக் கூட்டும். மண்ணுக்குள் உடைந்தால் களிமண் அதை அம்மோனியமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே செய்ய வேண்டியவை:

நெல் வயலில் நிற்கும் தண்ணீரில் யூரியாவை வீசாதீர்கள். தண்ணீரை வடித்து, சேற்றில் போட்டு, களைக்கருவி ஓட்டிக் கலந்துவிட்டு, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். தோட்டக்காலில் செடிக்குப் பக்கத்தில் குழியிட்டு மூடுங்கள். அல்லது போட்ட கையோடு தண்ணீர் பாய்ச்சுங்கள். சாம்பலோடும் சுண்ணாம்போடும் யூரியாவைச் சேர்க்காதீர்கள். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

தொழுவத்துக்கும் ஒரு எச்சரிக்கை. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களிடமும் இதே யூரியேஸ் உண்டு. யூரியா கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிட்டால் அம்மோனியா ஒரேயடியாகக் கிளம்பி ரத்தத்தில் ஏறி உயிரையே வாங்கிவிடும். கரைத்த வாளியைத் திறந்து வைக்காதீர்கள். குடித்துவிட்டது தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கால்நடை டாக்டரை அழையுங்கள்.

யூரியா உடைவது நல்லதுதான். உடைந்தால்தான் பயிருக்குச் சாப்பாடு. எங்கே உடைய வேண்டும் என்பதை முடிவு செய்வது உங்கள் கை. அடுத்த மேலுரத்தை மண்ணுக்குள் போடுங்கள், மகசூலில் வித்தியாசத்தைப் பாருங்கள்.