வானில் கண்டதும் மனத்தில் நின்றதும்

சிறு வயதில் கண்ட கோர விபத்து மனத்தில் எவ்வாறு பதிகிறது? பதிந்தது, ஆண்டுகள் பல கடந்த பின்னும் மாறாமல் நிற்கிறதா? இவ்விரு கேள்விகளையும் இன்று ஆராய்வோம். இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி, இங்கிலாந்து நாட்டின் ஃபார்ன்பரோ விமானக் காட்சியில் 1952 செப்டம்பர் 6ஆம் நாள் நடந்தது.

அன்று சனிக்கிழமை. பிள்ளைகளுடன் குடும்பம் குடும்பமாக வந்தவர்களால் திடலும் அதையொட்டிய மேடும் நிறைந்திருந்தன. கூட்டம் ஒரு லட்சத்துக்கும் அதிகம். டி ஹாவிலண்ட் 110 என்னும் சோதனை விமானத்தை ஓட்டியவர் ஜான் டெர்ரி. 1948இலேயே ஒலியின் வேகத்தைக் கடந்து பேர் பெற்றவர். உடன் சென்றவர் அந்தோணி ரிச்சர்ட்ஸ். மிக உயரத்திலிருந்து ஒலியை மிஞ்சும் வேகத்தில் பாய்ந்திறங்கியபோது, வெடிபோன்ற ஓசை திடலை அதிரவைத்தது. மக்கள் ஆரவாரித்தனர். பிறகு விமானம் தாழ்ந்து பறந்து, வளைந்து, கூட்டத்தை நோக்கித் திரும்பியது. கண்ணிமைக்கும் நேரத்தில் அது துண்டு துண்டாயிற்று. விமானிகள் இருவரும், பார்வையாளர் 29 பேரும் மாண்டனர்.

அன்று ஐந்து வயதுச் சிறுவனாக அங்கு நின்ற ஒருவர், முதுமையில் அதை நினைவுகூர்ந்திருக்கிறார். வெள்ளிக் காகிதத் துணுக்குகள்போல் வானில் ஏதோ மின்னியதாம். விமானத்தின் உடற்பகுதி இலைபோல மெல்ல இறங்கியதாம். இயந்திரங்கள் இரண்டும் ஏவுகணைகள்போலப் பாய்ந்தனவாம். அலறலைவிட அமைதியே மிகுதியாக இருந்ததாம்.

இலைபோல ஒன்றும் அம்புபோல ஒன்றும் எப்படி விழும்? இது குழந்தையின் கற்பனையன்று. மெல்லிய தகடு காற்றின் தடையால் வேகமிழந்து அலைந்து இறங்கும். கனத்த இயந்திரமோ சிறிய பரப்பும் பெரும் எடையும் உடையது. பிய்ந்துகொண்ட கணத்தில் எத்திசையில் எவ்வேகத்தில் சென்றதோ, அத்திசையில் அவ்வேகத்தோடு பாயும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது கயிறு அறுந்தால் கல் வட்டமிடாமல் நேரே போகுமல்லவா? அவ்வாறே கூட்டத்தை நோக்கித் திரும்பிய விமானத்தின் இயந்திரம் ஒன்று, மேட்டில் நின்றவர்கள்மீதே வந்து வீழ்ந்தது.

வெடியோசைதான் விமானத்தை உடைத்தது என்று ஒரு பிள்ளை எண்ணினால் வியப்பில்லை; ஓசை முன்னே, உடைவு பின்னே. உண்மையில் அந்த ஓசை, ஒலியை மிஞ்சிய பாய்ச்சலால் எழுந்த அழுத்த அலை, அது வேறு. வளைந்து மேலெழும்போது ஏற்பட்ட சுமையைத் தாங்கும் வலு சிறகின் முன்விளிம்புக் கட்டமைப்புக்கு இல்லாமற்போனதே உடைவுக்குக் காரணம்.

இனி நினைவைப் பற்றிச் சொல்வோம். 1977இல் பிரௌன், குலிக் என்னும் உளநூலார் இருவர், அதிர்ச்சிச் செய்தி கேட்ட கணம் ஒளிப்படம்போல மனத்தில் பதிகிறது என்று எழுதினர். அது முழு உண்மையா? 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்கப் பேராசிரியர் நைசர், செய்தியை எங்கே, எவ்வாறு அறிந்தீர்கள் என்று மாணவர்களை எழுதச் சொன்னார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார். 11 பேர் சொன்னதில் முக்கியமான எதுவும் பழைய தாளோடு ஒத்துவரவில்லை. தம் கையெழுத்தைக் கண்ட பின்னும், இப்போது சொல்வதே சரி என்று சாதித்தவரும் உண்டு! அவர்கள் பொய்யர்கள் அல்லர். நினைவைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் அதை மீண்டும் கட்டுகிறோம். பிறர் சொன்னதும், படத்தில் பார்த்ததும் அதில் கலந்துவிடுகின்றன. நடுக்கரு நிற்கும், ஓரங்கள் மாறும்.

தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. விபத்தைக் கண்ட பிள்ளையிடம் 'மறந்துவிடு' என்று வாயடைப்பதும், 'சொல், சொல்' என்று துருவுவதும் பயன் தருவதில்லை. அவன் தானே பேசும்போது கேட்பதும், கேட்டதற்கு உண்மையான விடை தருவதும் உதவும். பிள்ளை பெரும்பாலும் கேட்பது, 'அது மறுபடியும் நடக்குமா?' என்பதே.

ஃபார்ன்பரோவுக்குப் பின் பிரிட்டனில் விதிகள் இறுகின. ஜெட் விமானம் நேராகப் பறந்தால் கூட்டத்திலிருந்து 230 மீட்டர், சாகசம் செய்தால் 450 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்; உயரம் 150 மீட்டருக்குக் குறையலாகாது என்று அப்போது விதிக்கப்பட்டது. பிற நாடுகள் அவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை. 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில், இத்தாலியக் குழுவின் ஒற்றை விமானம் பார்வையாளரை நோக்கி வந்தபோது மற்ற விமானங்களோடு மோதியது. 70 உயிர்கள் போயின. பிரிட்டனிலேயே 2015இல் ஷோர்ஹம் காட்சியின்போது பழைய ஹண்டர் விமானம் ஒன்று விழுந்து 11 பேர் மாண்டனர். அவர்கள் திடலுக்குள் இருந்தவர்கள் அல்லர். வெளியே நெடுஞ்சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள். அதன் பிறகே, திடலுக்கு வெளியே இருப்போரின் பாதுகாப்பையும் சேர்த்து விதிகள் மறுபடி திருத்தப்பட்டன.