‘ஒரு கேம்தானே!’ என்று சொல்வதற்கு முன்...

கைப்பேசி விளையாட்டில் தோற்றுவிட்டுக் கணவரோ மனைவியோ முகம் வாடி உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “ஒரு கேம்தானே, இதுக்குப் போயா இப்படி?”

ஆறுதல் சொல்லத்தான் நினைக்கிறோம். ஆனால் பல வீடுகளில் அந்தச் சொல்லே சண்டைக்கு வித்தாகிவிடுகிறது. இரவுச் சாப்பாடு ஆறிப்போகிறது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் கேம் மறந்துபோகும். ‘என் வருத்தம் இவருக்குக் கேலியாகப் போய்விட்டது’ என்ற நினைப்பு மட்டும் தங்கிவிடும்.

தோல்வி ஏன் இவ்வளவு உறுத்துகிறது?

மலேசியாவில் பலரும் ஆடும் மொபைல் லெஜெண்ட்ஸை எடுத்துக்கொள்வோம். ஐவர் ஓர் அணியாகச் சேர்ந்து மற்றோர் ஐவரை எதிர்த்து ஆட வேண்டும். தரவரிசை ஆட்டத்தில் வென்றால் ஒரு நட்சத்திரம் கூடும். தோற்றால் பொதுவாக ஒன்று குறையும். எபிக், லெஜெண்ட், மித்திக் என்று படிப்படியாக மேலே ஏற வேண்டும். பல நாள் ஆடிச் சேர்த்த நட்சத்திரங்கள் ஒரே இரவில் கரைந்துபோவதும் உண்டு.

கிடைப்பதைவிட இழப்பதே மனத்தை அதிகம் தாக்கும் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டிலேயே விளக்கினார்கள். 10 ரிங்கிட் கிடைத்த மகிழ்ச்சியைவிட 10 ரிங்கிட் தொலைந்த வருத்தம் பெரிது. நட்சத்திரத்திற்கும் அதே கணக்குதான்.

மேலும், இந்தத் தோல்வி நாலு பேர் பார்க்க நடக்கிறது. கூட ஆடியவர்களில் ஒருவர் ‘உன்னால்தான் தோற்றோம்’ என்று திட்டி எழுதியிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் பாதி ஆட்டத்தில் விலகிப்போய், மீதிப் பேர் தடுமாறியிருக்கலாம். தன் கையில் இல்லாத காரணத்தால் தோற்கும்போது ஆற்றாமை இன்னும் கூடும்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. 2019 சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. மொபைல் லெஜெண்ட்ஸின் முதல் உலகப் போட்டி அதே ஆண்டு கோலாலம்பூரில் நடந்தது. பந்து விளையாட்டில் நம் அணி தோற்றால் வாடுகிற முகத்தை நாம் கேலி செய்வதில்லை. தானே ஆடித் தோற்றவரின் முகம் வாடாதா?

முதல் பத்து நிமிடம்

தோற்ற கையோடு வரும் கொதிப்பை ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்கிறார்கள். அந்த நேரத்தில் நிதானம் குறையும். யோசிக்காமல் அடுத்த ஆட்டத்தை அழுத்தி, மறுபடியும் தோற்பார்கள். அப்போது நியாயமும் அறிவுரையும் காதில் ஏறாது.

“நீங்க முன்னாடியே பின்வாங்கியிருக்கணும்” என்று ஆட்டத்தை அலசாதீர்கள். “இதுக்குத்தான் சொன்னேன்” என்று ஆரம்பிக்காதீர்கள். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்: “ரொம்ப நேரம் போராடினீங்க, கடைசியில கைவிட்டுப் போச்சு. கஷ்டமாத்தான் இருக்கும்.” ஆடியது மனைவி என்றால், “என்னம்மா, அந்த ஆளு பாதியில போயிட்டானா?” என்று கேட்டாலே போதும். அவர் கொட்டித் தீர்க்கட்டும். தீர்வு சொல்லும் பொறுப்பு நமக்கில்லை.

தோற்றவருக்கும் ஒரு கடமை உண்டு. “பத்து நிமிஷம் விடு, நானே வரேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், தன்மீதுதான் கோபமோ என்று அடுத்தவர் குழம்ப வேண்டியதில்லை.

சொல்லாமல் செய்யும் உதவி

நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் நாயல் போல்ஜரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். துணைவர் செய்த உதவி, பெறுபவரின் கவனத்தில் உதவியாகப் படாதபோதுதான் மனச்சோர்வைக் குறைக்க அதிகம் உதவியது. ‘உனக்கு நான் ஆறுதல் சொல்கிறேன்’ என்று முன்னே வந்து நிற்கும்போது, ‘நான் அவ்வளவு பலவீனமாகவா தெரிகிறேன்’ என்ற கூச்சம் எழக்கூடும்.

தேர்வும் கேமும் ஒன்றல்ல. ஆனாலும் வழி ஒன்றுதான். ஒரு குவளை மைலோவைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் நகருங்கள். அன்று பாத்திரம் கழுவுவது அவர் முறை என்றால் நீங்கள் கழுவிவிடுங்கள். “மாமாக் கடை வரைக்கும் போயிட்டு வரலாமா?” என்று கூப்பிடுங்கள். உடம்பு நகர்ந்தால் மனமும் கொஞ்சம் நகரும்.

கொதிப்பு அடங்கிய பிறகு ஓர் உண்மையை நினைவூட்டலாம். இத்தகைய விளையாட்டுகள் சம பலம் உள்ளவர்களையே எதிரெதிரே நிறுத்தப் பார்க்கும். நன்றாக ஆட ஆட, இன்னும் வலுவான எதிரிகள் வருவார்கள். ஆகவே திறமையானவரும் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்கத்தான் செய்வார். தோல்வி வந்ததாலேயே திறமை போய்விட்டது என்று பொருளில்லை.

ஆறுதலுக்கும் எல்லை உண்டு

வருத்தம் வேறு, வன்மம் வேறு. பொருளை உடைப்பது, பிள்ளைகளைத் திட்டுவது, கை ஓங்குவது ஆகியவற்றைத் தோல்வியின் பெயரால் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

உறக்கம், வேலை, வீட்டுப் பணம் எல்லாம் கேமுக்கே போகிறது, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியவில்லை என்றால் அது ஓர் இரவின் சோர்வு அல்ல. விளையாட்டு அடிமைத்தனத்தை உலகச் சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022ல் அந்தப் பட்டியல் நடப்புக்கு வந்தது. இத்தகைய நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால்தான் அவ்வாறு கணிக்கப்படும். அந்த அறிகுறிகள் தெரிந்தால் மருத்துவரை நாடுவதே நல்லது. வீட்டில் வன்முறை என்றால், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

மற்றபடி, பெரும்பாலான வீடுகளில் இரண்டு சின்ன ஒப்பந்தங்களே போதும். தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திக்கொள்வது என்று ஆடுபவர் முடிவு செய்துகொள்ளலாம். ‘ஒரு வெற்றியோடு படுப்போம்’ என்று துரத்துவதுதான் விடியும்வரை இழுத்துப்போகிறது. தரவரிசை ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது என்பதால், சாப்பிடக் கூப்பிடும் முன் “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று மற்றவர் கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கு மேலும் ஒன்று செய்ய ஆசையிருந்தால், “நாளைக்கு ஆடும்போது நானும் பக்கத்துல உட்காரட்டா?” என்று கேட்டுப் பாருங்கள். கேம் புரியாவிட்டாலும் பரவாயில்லை.