அட்வான்ஸ் வாங்கிட்டு 'எஸ்' ஆகாத டி.ஜே. வேணுமா?

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சா? பத்திரிகை, பந்தி, ஜவுளி எல்லாம் பெரியவங்க டிபார்ட்மென்ட். ஆனா, 'ரிசப்ஷனுக்கு டி.ஜே. வெச்சா சூப்பரா இருக்கும்'னு வாயைத் திறந்தது நீங்கதானே? அப்போ அந்தப் பொறுப்பு உங்க தலையிலதான் பாஸ்!

பாட்டு சரியில்லைன்னா சித்தப்பா ரெண்டு நாள் கிண்டல் பண்ணுவார், அவ்வளவுதான். அட்வான்ஸ் வாங்கின ஆள் வரவே இல்லைன்னா? போறது, அப்பா சீட்டு கட்டிச் சேர்த்த காசு. அதனால டி.ஜே.வோட பாட்டு ரசனையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, பண விஷயத்துல ஆள் எப்படின்னு பாருங்க.

ஏன் சொதப்புறாங்க?

ஆடியிலயும் மார்கழியிலயும் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. ஆவணி, தை வந்துட்டா ஒரே முகூர்த்தத்துல ஊர் முழுக்க மேளச்சத்தம். டி.ஜே.க்களோட வருமானமும் அப்படித்தான்; சில மாசம் கொட்டும், சில மாசம் காயும். காயுற மாசத்துல நீங்க கொடுத்த அட்வான்ஸ் பழைய கடனுக்கோ, ஸ்பீக்கர் தவணைக்கோ போயிடும். உங்க நாள் வரும்போது சவுண்ட் சர்வீஸுக்கு வாடகை கொடுக்கக் கையில காசு இருக்காது. இன்னும் சிலர் ஒரே தேதிக்கு ரெண்டு இடத்துல கை நீட்டிட்டு, அதிகமா தர்ற பக்கம் போயிடுவாங்க.

கேட்க வேண்டிய கேள்விகள்

* சிஸ்டம் சொந்தமா, வாடகையா? வாடகைன்னா தப்பில்லை. எந்த சவுண்ட் சர்வீஸ்னு கேட்டு, 'இவர் பாக்கி வெக்காம கொடுப்பாரா?'ன்னு அங்க ஒரு போன் போடுங்க. கதை முழுசா வந்துடும்!

* கடைசியா வாசிச்ச ரெண்டு கல்யாண வீட்டு நம்பர் வாங்கிப் பேசுங்க. மண்டப மேனேஜர்கிட்டயும், போட்டோகிராபர்கிட்டயும் விசாரிங்க. கலக்கலா வீடியோ யார் வேணா போடலாம். சொன்ன நேரத்துக்கு வந்தாரான்னு இவங்களுக்குத்தான் தெரியும்.

* ஜி.எஸ்.டி. நம்பர் இல்லைன்னா ஃப்ராடுன்னு முடிவு பண்ணிடாதீங்க. சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டலைன்னா பொதுவா பதிவே தேவையில்லை. ஆனா, பில்லுல ஜி.எஸ்.டி. சேர்த்தா நம்பர் கண்டிப்பா இருக்கணும். மொத்தம் 15 எழுத்து. தமிழ்நாட்டுப் பதிவுன்னா 33-ல ஆரம்பிக்கும். ஜி.எஸ்.டி. வெப்சைட்டுல போட்டா யார் பேர்ல இருக்குன்னு இலவசமாவே காட்டும்.

பணத்தைப் பிரிச்சுக் கொடுங்க

புக்கிங்கப்போ கால் பங்கு, ஒரு வாரத்துக்கு முன்னாடி கால் பங்கு, மீதிப் பாதி அன்னிக்கு சவுண்ட் செக் முடிஞ்சதும். 'முழுசா இப்பவே கொடுத்தா தள்ளுபடி'ன்னு அவசரப்படுத்தினா ஜகா வாங்கிடுங்க! யு.பி.ஐ.ல அனுப்பும்போது திரையில தெரியற பேர், அவர் பேர்தானான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

ரசீதுல தேதி, மண்டபம், நேரம், என்னென்ன சாமான், அவரே வருவாரா, வராட்டி எவ்வளவு திருப்பித் தருவார், ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு... எல்லாத்தையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

தேவையில்லாத செலவு

'பாட்டுக்கு லைசென்ஸ் பணம் தனி'ன்னு கேட்டா உஷார்! காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(za) கல்யாணத்துக்கும் அதைச் சேர்ந்த கொண்டாட்டத்துக்கும் விலக்கு கொடுத்திருக்கு. 2023 ஜூலையில மத்திய அரசும் இதைத் தெளிவா அறிவிச்சது. அதே மாதிரி, திறந்தவெளி ரிசப்ஷன்னா ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள் சொல்லுது. அப்புறம் எதுக்கு 'எக்ஸ்ட்ரா அவர்' பணம்?

ஆள் வரலைன்னா?

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் புகார் கொடுக்கலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகார்க் கட்டணம் கிடையாது. ரசீது மட்டும் பத்திரம்! ஆனா, பணம் திரும்பி வந்தாலும் அந்தச் சாயங்காலம் திரும்பி வராதே? ரெண்டு நாள் முன்னாடி ஒரு போன் பண்ணி உறுதிப்படுத்துங்க. ஒரு பென் டிரைவ்ல அம்பது பாட்டு ஏத்தி வெச்சுக்கங்க. மண்டபத்து மைக் செட் எதுக்கு இருக்கு?

இன்னொரு விஷயம். நம்பிக்கைங்கறது ஒரு வழிப் பாதை இல்லை. ஒழுங்கா வந்து, பாட்டியையே ஸ்டெப் போட வெச்ச டி.ஜே.வை, ராத்திரி பதினோரு மணிக்கு 'மாமா எங்க... கவர் எங்க...'ன்னு மண்டபம் பூரா அலைய விடாதீங்க. அவருக்கும் சவுண்ட் சர்வீஸ் பாக்கி இருக்கும். பேசின காசை அங்கேயே எண்ணிக் கொடுங்க. அடுத்து உங்க கல்யாணத்துக்குக் கூப்பிடும்போது, முதல் ஆளா வந்து நிப்பார்!