உப்பு விளையும் கரையில் பாரிசவாதம்

புத்தளத்திலிருந்து பாலாவிப் பக்கம் போனால் உப்பளங்கள் கண்ணில் படும். களப்பு நீரைப் பாத்தி கட்டிக் காயவிட்டு, வெயில் விளைவிக்கும் உப்பு. கற்பிட்டிக் கரையில் மீனைக் கருவாடாக்குவதும் உப்புதான். இந்தக் கரைக்குச் சோறு போடும் அதே உப்பு, மூத்தவர்களின் மூளைக் குழாய்களை என்ன செய்கிறது என்பதை உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ வருவது பாரிசவாதம். 55 வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் அதன் ஆபத்து ஏறத்தாழ இரட்டிக்கிறது. வயதை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு, பாரிசவாதங்களில் சுமார் 90 சதவீதம் நாம் மாற்றக்கூடிய பத்துக் காரணிகளோடு தொடர்புடையது என்றது. புகை, சீனி வருத்தம், இதயக் கோளாறு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, முதலிடம் பிறஷருக்கு, அதாவது உயர் இரத்த அழுத்தத்துக்கு.

உப்பிலுள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இளவயதில் சிறுநீரகம் அதை விரைவாகக் கழித்துவிடும். முதுமையில் அந்த வேகம் தளரும். குழாய்ச் சுவரும் விறைத்திருக்கும், அதனால் பிறஷர் ஏறும். அழுத்தம் ஆண்டுக்கணக்கில் மோத மோத, மூளையின் ஆழத்திலுள்ள மெல்லிய குழாய்கள் தடித்து அடைகின்றன, சில வெடிக்கின்றன. பெரும்பாலும் அதுவரை ஒரு தலைவலிகூட இராது. உடம்பு சுகமாக இருக்கிறதே என்று கிளினிக்கில் தந்த பிறஷர் குளிசையை நிறுத்திவிடுவது அதனால்தான் அத்தனை ஆபத்தானது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சேர்ந்த ஒரு வேளைச் சாப்பாடே அதில் பெரும்பங்கை எடுத்துவிடும். கருவாட்டை விடச் சொல்லத் தேவையில்லை. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் வேறு உப்புப் போடாமல் சமைத்தாலே கணிசமாகக் குறையும்.

சீனாவின் 600 கிராமங்களில், ஏற்கெனவே பாரிசவாதம் வந்தவர்களும் பிறஷர் உள்ள, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுமாகச் சுமார் 21,000 பேர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக்குக் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏறத்தாழ ஐந்தாண்டில் கலப்பு உப்புக்காரரிடையே பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. 2021இல் வந்த முடிவு இது. ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்தாகலாம். வைத்தியரைக் கேட்காமல் உப்பை மாற்றக் கூடாது.

திடீரென வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருப்பது பெரும் தவறு. அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதுவும் ஸ்கான் எடுத்து, இரத்தக் கசிவு இல்லையென்று உறுதிசெய்த பிறகுதான். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.