நடுங்கும் விரல் தட்டினால் விசைப்பலகை எப்படிப் புரிந்துகொள்கிறது?

ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டிப் பாருங்கள். விண்டோஸ் கணினி ஒரு கேள்வி கேட்கும். எரிச்சலோடு மூடிவிடுவோம். ஒரு கையால் மட்டும் வேலை செய்பவருக்கு அந்தக் கேள்விதான் வாசல். ‘ஆம்’ என்றால், கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்த வேண்டியதில்லை; ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். முதல் விசையைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு மையம் உருவாக்கிய இந்த வசதி, விண்டோஸ் 95இலேயே சேர்ந்துவிட்டது.

நடுக்கம் வேறு சிக்கல். பார்க்கின்சன் நோயில் கை நொடிக்கு 4 முதல் 6 முறை ஆடும். ஒரே விசை இரண்டு முறை அழுந்திவிடலாம். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் இது விபரீதம். அங்கே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். ‘படம்’ என்று அடித்தால் ‘பட்டம்’ வந்து நிற்கும். தீர்வு, நேரத்தை அளப்பது. குறித்த இடைவெளிக்குள் அதே விசை மறுபடி அழுந்தினால் கணினி அதைப் பொருட்படுத்தாது. ஆனால் ‘பட்டம்’ என்றே எழுத நினைப்பவர் சற்றுப் பொறுத்துத்தான் தட்ட வேண்டும். அந்த இடைவெளியை ஆளுக்கேற்ப அமைப்பதே உண்மையான வேலை.

விரல் பக்கத்து விசையில் வழுக்குபவர்களுக்கு மென்பொருளே தேவையில்லை. ஒவ்வொரு விசைக்கும் மேலே துளையிட்ட ஒரு தகட்டைப் பொருத்தலாம். கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, துளைக்குள் விரலை விட்டு அழுத்தலாம்.